வடக்குக் கதவு மூன்று முழம்

அந்த வசந்தம் உங்களுக்கெல்லாம் ரோட்டில் போனது. டவுன்டவுனில் கைகோத்து நின்றது, போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது, முன்பின் தெரியாத அன்ரி ஒருவர் தந்த ஆறிப்போன ரோல்ஸ், ஹைவேயில் ஏறிய நாள். இப்போது நமக்குக் காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது, மை பூசுகிறவர்கள் பூசுகிறோம். ஆனாலும் பிறந்தநாள் விழாக்களில் ஒரு மேசையைச் சுற்றி இருந்துவிட்டால் அந்தக் கதைதான் வரும். நீ எங்கே நின்றாய், நீ எங்கே நின்றாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு என் பக்கம் வருவீர்கள். நான் உடனே எழும்பி ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விடுவேன். நான் ரோட்டில் நிற்கவில்லை. போர் முடிந்த அந்த வசந்தத்தின் வெள்ளிக்கிழமைகளில் நான் இங்கிலீஷ்காரருடைய ஒரு பழைய தேவாலயத்துக்குள் முழம் போட்டு அளந்துகொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். மிச்சத்தைச் சொல்கிறேன்.

அது ஸ்காபரோவில்தான் இருக்கிறது. நீங்களும் பஸ்ஸில் நூறு தரம் கடந்து போயிருப்பீர்கள். பிளாசாவும் மாடிக் கட்டடங்களும் வர முதல், சுற்றவர வயலாய்க் கிடந்த காலத்தில் கட்டியது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்த கொஞ்சப்பேர், தங்கள் ஊர்க் கோயிலை ஞாபகத்தில் வைத்து அப்படியே கட்டினார்களாம். அப்படியே என்றால் அப்படியே. சாம்பல் கல், மேற்கில் சதுரமான மணிக்கோபுரம், தெற்கில் கூரை போட்ட வாசல் மண்டபம், சுவருக்கு முண்டு கொடுக்கிற சாய்ந்த தூண்கள். உள்ளே போய் மேலே பார்த்தால் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு மரக்கூரை.

வாசலில் ஒரு மேசை. அதில் வருகிறவர்களுக்கென்று நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் அடுக்கி வைத்திருப்பார்கள். வாசிக்க வேறொன்றும் கிடைக்காத பிள்ளை நான். அதைப் பாடமாக்கியே விட்டேன். பீடம் இருக்கிற உள்ளறைக்கும் பக்கத்து நடைக்கும் நடுவில் தடித்த சுவர். அந்தச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில் சரிவாக ஒரு துவாரம். பழைய ஊரில் அந்தச் சுவர் மறைத்ததால் ஓரத்தில் இருந்தவர்களுக்குப் பீடம் தெரியவில்லை, அதனால் பின்னால் சுவரை உடைத்துத் துவாரம் போட்டார்களாம். இங்கே புதிதாகத்தானே கட்டுகிறார்கள், மறைக்காமல் கட்டியிருக்கலாம். இல்லை. மறைக்கிற சுவரையும் கட்டி, அதில் துவாரத்தையும் விட்டிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கதவு. பழைய ஊரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பேய் வெளியேறுவதற்காக அதைத் திறந்து விடுவார்களாம். இங்கே கதவைக் கட்டினவர்கள் அதற்குப் பின்னால் கல்லை அடுக்கி மூடிவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் கதவு இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் சுவர் மட்டும்தான். ரோட்டுப்பக்கம் கேற்றுக்கு மேல் ஒரு கூரையும், கீழே நீண்ட இருக்கையாய் ஒரு வாங்கும் உண்டு. சவப்பெட்டியை அதில் இறக்கி வைத்துவிட்டுப் பாதிரியார் வரும்வரை காத்திருப்பதற்கு. பிணம் புதைக்கிற சவக்காலை என்னவோ ரோட்டுக்கு அந்தப்பக்கம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க மனம் வராதுதான். எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா வைத்திருந்த அம்மிக்கல்லைப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

அப்பா பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் காலை ஷிப்ட். அதோடு வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமையும் இந்தத் தேவாலயத்தைத் துடைக்கிற வேலை. நான் ஆறாம் வகுப்பு. அம்மாவுக்கு ஏழு மாதம். வீட்டில் நான் சத்தம் போட்டால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறுமென்று அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பிரஷர் என்பது அந்த வீட்டில் நாலாவது ஆள் மாதிரி. போன தடவை ஆறாம் மாதத்தில் பிள்ளை குலைந்துபோனது. இந்தத் தடவை டொக்டர், எந்த அதிர்ச்சியும் கூடாது, படுத்தே கிடந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

அதிர்ச்சி கூடாதாம். வன்னியில் அம்மாவின் ஒரே தம்பி இருந்தார். எனக்கு மாமா. மேசன். கிளிநொச்சிப் பக்கம் வளைவு வைத்த வாசல்கள் கட்டுவதில் பேர் எடுத்தவர் என்று அம்மா பெருமையடிப்பார். நான் மாமாவை நேரில் கண்டதில்லை, குரல்தான் தெரியும். தை மாதம் கடைசியாகக் கதைத்தபோது, சுற்றவர ஷெல் விழுந்துகொண்டிருக்கிற ஒரு மனுசன், கனடாவில் வீட்டுச் சுவரெல்லாம் கடதாசி மட்டையால்தான் கட்டுகிறார்களாமே, உண்மையோ என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா சிரித்துச் சிரித்து, ஓமடா, ஆணி அடிச்சால் அடுத்த வீட்டுக்காரன்ர காதிலை ஏறும் என்றார். பிறகு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு கோலிங் கார்ட் சுரண்டிச் சுரண்டி அம்மாவின் பெருவிரல் நகம் சாம்பல் நிறமாகிப் போனதுதான் மிச்சம்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் விடியாது. சித்திரை நடுவில் திடீரென்று அப்பா அதை நிறுத்தினார். ஒரு வெள்ளி கார் சத்தம் போடுகிறது என்றார். அடுத்த வெள்ளி கோயிலில் சனம் கூட, தள்ளுப்படுவாய் என்றார். அம்மா விடவில்லை. தம்பி அங்கே கிடக்கிறான், நான் எங்கேயாவது போய்க் கும்பிடத்தான் வேண்டுமென்று கதவடியில் சப்பாத்தோடு நின்றார். கடைசியில் அப்பா, வா, நான் துடைக்கிற இடத்துக்கே வா, அதுவும் கோயில்தானே என்றார். சுத்தச் சைவம், கந்தசஷ்டிக்குத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடக்கிற மனுசன். அது ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வெள்ளி நல்ல ஞாபகம். கேற்றடிக் கூரைக்குக் கீழே வாங்கைக் கண்டதும் அம்மா அதில் இருந்து மூச்சு வாங்கினார். அது சவப்பெட்டி இறக்குகிற இடமென்று நான் சொல்லவில்லை. வாசல் மண்டபத்துக்கு வந்ததும் அம்மா மறுபடியும் இருந்துவிட்டார். அங்கே இரண்டு பக்கச் சுவரோரமும் கல் வாங்கு. சப்பாத்தோடு உள்ளே போக மாட்டாராம். கால் வீங்கிக் கிடந்ததால் அப்பாவின் பழைய சப்பாத்தைத்தான் போட்டிருந்தார், குனிந்து கயிறு அவிழ்க்க வயிறு விடாது. நான் முழங்காலில் இருந்து அவிழ்த்தேன். நூற்றுச் சொச்ச வருடமாக அந்தக் கோயிலுக்கு வந்த ஒருவராவது வாசலில் சப்பாத்துக் கழட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே பூ அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, கால் குளிரும், கால் குளிரும் என்றார்.

அம்மா சொக்ஸ் காலோடு உள்ளே போய் நடுவில் நின்றார். ஒரு சுற்றுப் பார்த்தார். "கோபுரம், மண்டபம், கடைசியிலை மூலஸ்தானம். உவங்களும் எங்களை மாதிரித்தான் கட்டியிருக்கிறாங்கள்" என்றார். பிறகு உள்ளறைக்கு முன்னால் இருந்த பெரிய கல் வளைவைக் கண்டார். அவ்வளவுதான். சாமி கும்பிட வந்ததையே மறந்துபோனார். உச்சியில் இருக்கிற நடுக்கல்லை எனக்குக் காட்டி, அதைக் கழட்டினால் முழுதும் பொலபொலவென்று வந்துவிடும், மாமா அந்தக் கல்லை வைக்கிற நாளில் சாப்பிடாமல்தான் வைப்பார் என்றார். மாமா கண்டால் பாயைப் போட்டு இதற்குள்ளேயே படுத்துவிடுவாராம். லைன் கிடைத்ததும் அவருக்குச் சொல்ல வேண்டும், அளந்து எழுது என்று என் ஸ்கூல் கொப்பியைத் திறக்க வைத்தார்.

அப்படித்தான் முழம் போடத் தொடங்கினேன். தூணின் சுற்றளவு நாலு முழம். வாசல் மண்டபம் ஐந்தரை முழம். என் முழம் சின்னது என்று அம்மா தன் கையை நீட்டுவார், நான் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு முழமாக நகர்த்துவேன். அப்பாவின் பெட்டியில் அளக்கிற ரேப் இருந்தது, எனக்குத் தெரியும். கேட்டேன். அப்பா மொப்பைப் பிழிந்துகொண்டு, ரேப்பைக் காணவில்லை என்றார். போகும்போது அம்மா வெளியே இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்தை மூன்று முறை வலமாகச் சுற்றினார். வாசல் மண்டபம், பிறகு மணிக்கோபுரம், பிறகு வடக்குக் கதவு, பிறகு கிழக்கு ஜன்னல். எங்கள் கோயிலில் சுற்றுகிற அதே நடை.

அடுத்த நாள் சனி. அப்பாவும் நானும் மட்டும். நான் அந்தச் சுவர்த் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் சும்மா பார்த்ததுதான். அன்றைக்கு அதற்குள் அப்பா தெரிந்தார். பீடத்துக்கு முன்னால் நின்றார். மேலில் சட்டை இல்லை. சேர்ட்டைக் கழட்டி இடுப்பில் கட்டியிருந்தார். எங்கள் கோயிலில் ஆண்கள் சாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரியே. ஹீற்றர் போடாத அந்தக் குளிரில் அவருடைய முதுகு நடுங்கியது. பக்கத்தில் பாதிரியம்மா. அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் ஒரு பெண், அப்பா அவரை அப்படித்தான் சொல்வார். அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம். அதைப் பார்த்து எழுத்துக் கூட்டி ஏதோ ஒரு பெயரை வாசிக்கிறார், அப்பா திருத்துகிறார், அவர் மறுபடியும் வாசிக்கிறார். மூன்றாம் தரம்தான் எனக்கு விளங்கியது. அது மாமாவின் பெயர்.

நான் ஓடிப் போனபோது அப்பா சேர்ட்டைப் பொத்தான் மாற்றிப் பூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே முன்வாங்கில் இருந்துவிட்டார். பத்து நாளைக்கு முதலே வேலையிடத்துக்குப் போன் வந்ததாம். கடற்கரையில் பங்கருக்கு வெளியே தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல். ஐயரிடம் சொல்லிக் கிரியை செய்தால் அடுத்த வெள்ளிக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும், அம்மாவின் காதுக்கும் போய்விடும். கோயிலுக்கு அம்மாவை விடவும் முடியாது, சாவுத் துடக்கு, தீட்டு. கலியாணம் கட்டிப்போன அக்காவுக்கு மூன்று நாள்தான் துடக்கு என்று சிலர் சொல்வார்கள், முப்பத்தொரு நாள் என்று சிலர் சொல்வார்கள். அப்பா முப்பத்தொன்றைப் பிடித்துக்கொண்டார், அப்படி மனுசன் அவர். தமிழர் ஒருவருமே வராத இடத்தில் அந்தப் பெயரை யாராவது சாமிக்கு முன்னால் ஒருதரம் வாசித்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார். "குழந்தை பிறக்கட்டும். பிறந்த பிறகு நானே சொல்லுறன். இப்ப சொன்னால் ரெண்டையும் இழந்துபோடுவம்."

ரெண்டையும் என்றால் எதையும் எதையும் என்று நான் கேட்கவில்லை. விளங்கியது. அந்த வயதில் அது விளங்கியிருக்கத் தேவையில்லை என்று இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது பயம் மட்டும்தான்.

அடுத்த வெள்ளி வந்தது. கேற்றடியில் அம்மா மூச்சு வாங்க இருந்தபோது, அம்மாவின் ஹான்ட்பாக்கைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வாசல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். அம்மா இருக்கிற கல் வாங்குக்கு நேர் எதிரே அறிவிப்புப் பலகை. அதில் புதிதாக ஒரு தாள். மேலே நோயாளிகளுடைய பெயர்கள், கீழே இறந்தவர்களுடைய பெயர்கள், இவர்களுக்காகச் செபியுங்கள் என்று. கடைசியாக மாமாவின் பெயர். இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாம் வரிக்கும் வழிந்திருந்தது. ஒரு மாதம் தொங்குமாம். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற பெயரை வாசலிலும் ஒட்டுவது அவர்களுடைய வழக்கமென்பது அப்பாவுக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஒருவர் பத்து நிமிடம் இருந்து சப்பாத்துக் கழட்டுவார் என்பது பாதிரியம்மாவுக்குத் தெரியாது.

அம்மா எழும்பி வருகிற சத்தம் கேட்டது. தாளைக் கிழிக்கப் பயம், அது கோயில் தாள். மேசையில் பழைய சாமான் விற்பனைக்கு மஞ்சள் நோட்டீஸ் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பெயருக்கு மேல் வைத்தேன். குத்த ஊசி இல்லை. ஹான்ட்பாக்கைத் துழாவினேன். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு மட்டை அகப்பட்டது. பெரிய வட்டப் பொட்டு, அரக்கு நிறம். மூன்றுதான் மிச்சம் இருந்தது. மூன்றையும் உரித்து மூன்று மூலையிலும் ஒட்டினேன். நாலாவது மூலை காற்றுக்கு ஆடியது. அம்மா வந்து வாங்கில் இருந்தார். நான் முழங்காலில் இருந்து கயிறு அவிழ்த்தேன். என் முதுகுக்குப் பின்னால்தான் அந்தத் தாள். அம்மா, இண்டைக்கு ஜன்னலை அளப்பம் என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

மூன்றாம் வெள்ளி. சப்பாத்தைக் கழட்டி முடித்ததும் அம்மா, நீ போய்க் கொப்பியை எடு, நான் வாறன் என்றார். நான் உள்ளே போய்க் காத்திருந்தேன், அம்மா வரவில்லை. பூக்கிழவி வந்து, உன் அம்மா வெளியே சுற்றுகிறார், வேறு பக்கமாக என்றார். அவருடைய முகம் சரியில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத் தேவாலயத்தைச் சுற்றக் கூடாது, தன் தாய் அப்படிச் சுற்றினால் அடிப்பார், அது நல்லதல்ல, போய்ச் சொல் என்று என்னை அனுப்பினார். போனேன். அம்மா சப்பாத்தில்லாமல், நனைந்த புல்லில் சொக்ஸ் காலோடு, கிழக்கு ஜன்னலைக் கடந்து வடக்குக் கதவடியில் நின்றார். அந்தத் திறக்காத கதவில் உள்ளங்கையை வைத்திருந்தார். நான் கிழவி சொன்னதைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல், "அந்தப் பக்கம் சேறு, சறுக்கும்" என்றார். சேறு எல்லாப் பக்கமும்தான் இருந்தது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி, அவருக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன்.

காரில் ஏறும்போது அப்பா, உன் பொட்டு எங்கே என்று கேட்டார். அம்மா நெற்றியைத் தடவிப் பார்த்து, எங்கையோ விழுந்திட்டுது என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் நோட்டீஸ் ஆடாமல் அசையாமல் இருந்தது. நாலு மூலையிலும் நாலு பொட்டு. நான் மூன்றுதான் ஒட்டினேன், மூன்றுதான் இருந்தது. அந்தத் தேவாலயத்தில் ஏதோ இருக்கிறது, வடக்குக் கதவால் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது, அதுதான் எனக்கு உதவி செய்திருக்கிறது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். அதற்குப் பிறகு அந்தச் சுவர்த் துவாரத்துக்குக் கிட்டவே நான் போகவில்லை. பலநாள் கனவில் அந்தத் துவாரத்தால் ஒரு கண் என்னைப் பார்த்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை எல்லாம் முடிந்ததென்று டிவியில் சொன்னார்கள். நீங்கள் ரோட்டில் இருந்து அழுத நாள். எங்கள் மாடியில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அழுகை. அம்மா சிங்கில் அரிசி கழுவிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு அன்ரி வந்து, உம்மட தம்பி தப்பியிருப்பான், முகாமிலை இருப்பான், யோசிக்காதையும் என்றார். அம்மா தலையாட்டினார். அப்பா பல்கனிக்குப் போய்விட்டார். அந்த வெள்ளியும் தேவாலயத்துக்குப் போனோம். அம்மா வடக்குக் கதவை அளக்கச் சொன்னார். கையை நீட்டினார், நான் பிடித்து நகர்த்தினேன். மூன்று முழம், எழுது, மாமாவுக்குச் சொல்லுவம் என்றார். எழுதினேன். என் கண்ணீர் விழுந்து மை கரைந்துவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை. கொப்பியை மூடி அம்மாவுக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டேன்.

ஆனியில் தம்பி பிறந்தான். ஆளும் பத்திரம், தாயும் பத்திரம். முப்பத்தோராம் நாள் பிள்ளை பெற்ற துடக்குக் கழிய, அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, மூன்று மாதமாய் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன். அம்மா பால் கொடுத்துக்கொண்டே கேட்டார். "ம்" என்றார். பிள்ளையை மற்றப்பக்கம் மாற்றினார். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மிசிசாகாவிலிருந்து வந்த அத்தை குசினிக்குள் வைத்து, கூடப்பிறந்தவன் செத்ததுக்கும் அழாத நெஞ்சு, கல்லடி உவளுக்கு என்று என் காது கேட்கவே சொன்னார். அப்பா மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவோடு நான் எத்தனையோ வருடம் முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்ததற்கு வேறு காரணம் சொன்னேன் உங்களுக்கு. காரணம் இதுதான். நான் சுமந்த சுமைக்கு அவர் ஒரு சொட்டு அழுதிருக்கலாமே என்ற கோபம்.

அந்தக் கொப்பி வீடு மாறுகையில் தொலைந்துபோனது.

போன மாரியில் அப்பா போய்விட்டார். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள், பார்சல் சாப்பாட்டுக்கு ஓடித் திரிந்தீர்கள், மறக்க மாட்டேன். கிரியை நடக்கும்போது தம்பி குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பெட்டியைச் சுற்ற அடி வைத்தான். அப்பாவை விட உயரமான பெடியன், வலமாகத் திரும்பிவிட்டான். ஐயர் அவனுடைய தோளைப் பிடித்துத் திருப்பினார். "தம்பி, உது சாமிக்கு. செத்தவருக்கு இடப்பக்கமாத்தான் சுத்துறது." நான் அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். துக்கத்தில் தலை சுற்றியது என்று நினைத்துச் சோடா கொண்டுவந்து தந்தீர்கள். எனக்குக் கண்ணுக்குள் நனைந்த சொக்ஸும், முதலில் வந்த கிழக்கு ஜன்னலும்தான் நின்றன.

போன மாதம் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தேவாலயம் அப்படியேதான் இருக்கிறது. அம்மா கேற்றடியில் மூச்சு வாங்கினார், வாசல் மண்டபத்தில் அதே வாங்கில் இருந்தார். இப்போது வயிறு இல்லை, முழங்கால் விடாது. நான் சப்பாத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். அம்மா, நீங்கள் அண்டைக்கு ஏன் இடமாச் சுத்தினனீங்கள்?

அம்மா காலை நீட்டித் தந்தார். பிறகு, "நீ ஒட்டின பேப்பரிலை ஒரு மூலை ஆடிக்கொண்டு நிண்டது, பிள்ளை. என்ர பொட்டு என்னத்துக்கு இந்தச் சுவரிலை எண்டு தூக்கிப் பார்த்தன்" என்றார்.

நான் ஒட்டியிருக்காவிட்டால் என்று கேட்டேன். ஒட்டியிருக்காவிட்டால் தான் பார்த்தே இருக்க மாட்டாராம், இங்கிலீஷ் பேப்பரை ஆர் பார்க்கிறது என்றார். ஏதோ கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. நான் அழத் தொடங்கிவிட்டேன். அம்மா என் தலையில் கையை வைத்தார்.

"உங்கட அப்பா அப்பிடி ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சவர். நீ இவ்வளவு சின்னன், நீயும் ஒளிச்சுக்கொண்டு நிக்கிறாய். நான் அழுதால் உங்கள் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது? நெத்தியிலை இருந்ததைக் கழட்டி அந்த மூலையிலையும் ஒட்டிவிட்டன், காத்துக்குப் பறக்காமல்."

பிறகு ஏனம்மா வடக்குக் கதவை அளக்கச் சொன்னீங்கள் என்று கேட்டேன். அழுகையில் எனக்கே என் சொல் விளங்கவில்லை.

"நிப்பாட்டினால் நீ கண்டுபிடிச்சிருப்பாய்" என்றார் அம்மா. "கழட்டு. உள்ளுக்குப் போவம்."

சப்பாத்தில் இப்போது கயிறு இல்லை, ஒட்டுப் பட்டிதான், ஒரு இழுவையில் வந்துவிடும். நான் வேண்டுமென்றே மெதுவாகக் கழட்டினேன். அம்மா எனக்கு மேலால் அறிவிப்புப் பலகை தொங்குகிற எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.